கள்ளநீர்

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். ஆய்வேட்டு வேலைகளுக்கு இடையே நான் செய்த ஒரு சிறு மொழிபெயர்ப்பைப் பற்றியது இது. கிழக்கேகோட்டையில் பேருந்துகள் வந்து திரும்பும் சாலையோரத்தில், ஒரு மாடியில், பயண முகவர் நிலையம் ஒன்று இயங்குகிறது. பணிஓய்வு பெற்றோரைக் காசிக்கும் இலங்கைக்கும் அழைத்துச் சென்று பழகிய நிலையம். சென்ற குளிர்காலத்தில் முதன்முறையாக 14 பேர் கொண்ட குழுவொன்றைப் பின்லாந்தின் வடகோடியில் உள்ள இனாரிக்கு அனுப்ப முடிவு செய்தது. அங்கு நிகழ்ச்சிகளை நடத்தும் நிறுவனம் அனுப்பிய 22 பக்கப் பாதுகாப்புக் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. குழுவில் பெரும்பாலோர் சாலைக் கடைத்தெருவையும் நாகர்கோவிலையும் சேர்ந்த தமிழர்கள். ஆகவே தமிழ்ப்படுத்தும் வேலை என்னிடம் வந்தது. உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் இத்தகைய வேலைகளே எனக்குக் கைகொடுக்கின்றன.

அந்த 14 பேரில் ஒருவர் என் பெரியம்மா. அவருக்கு வயது 68. தமிழ்வழிப் பள்ளியில் 30 ஆண்டுகள் புவியியல் கற்பித்தவர். ஆர்க்டிக் வட்டம், தூந்திரம், நள்ளிரவுச் சூரியன் என்று கரும்பலகையில் எழுதி எழுதியே ஓய்வு பெற்றவர். பனி விழுவதை அவர் ஒருநாளும் கண்டதில்லை. பெரியப்பா மறைந்த மூன்றாம் ஆண்டில், தம் சேமிப்பிலிருந்து பணம் கட்டிவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னார். அண்ணன்கள் இருவரும் எதிர்த்தனர். முழங்கால் வலியைச் சொன்னார்கள். இரத்த அழுத்தத்தைச் சொன்னார்கள். அந்தப் பணத்தில் செய்யத்தக்க வேறு காரியங்களையும் சொன்னார்கள். பெரியம்மா என்னிடம் மட்டும், "மோளே, நீ எழுதித் தருகிறதை நான் படிச்சுக்கிட்டுப் போறேன். அது போதும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால் என் வேலையின் தன்மை மாறிவிட்டது. 22 பக்கங்களின் ஒவ்வொரு சொல்லும் அவர் காலடியில் போய் விழப்போகிறது என்னும் எண்ணத்துடனேயே மூன்று வாரங்கள் கழிந்தன.

வழிகாட்டியுடன் கூடிய ஆர்க்டிக் பனிக்காலச் செயல்கள் எனப்படுபவை எவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹஸ்கி நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியை ஓட்டுதல், கலைமான் இழுக்கும் வண்டியில் அமர்ந்து செல்லுதல், அகன்ற பனிக்காலணி அணிந்து காட்டில் நடத்தல், ஸ்னோமொபைலில் உறைந்த ஏரியைக் கடத்தல், பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடித்தல், இரவில் துருவ ஒளிக்காகக் காத்திருத்தல் ஆகியவையே அவை. இனாரி ஏரி 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புடையது. 3,000க்கும் அதிகமான தீவுகளைக் கொண்டது. திசம்பர் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 5 வாரங்கள் அங்குக் கதிரவன் எழுவதே இல்லை. நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகை வடக்கே, மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரப் பகலில் வாழ்ந்து பழகிய நாம், ஏறத்தாழ 69 பாகைக்குச் செல்லும்போது நம் உடம்பின் அனுபவங்களில் எதுவும் அங்கே உதவுவதில்லை. வழிகாட்டி என்பவர் இன்றியமையாதவர் ஆவது அதனால்தான்.

முதல் பக்கத்திலேயே 'பனி' என்னும் சொல்லில் தடுக்கி நின்றேன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பகுத்த மொழி நம்முடையது. ஆயினும் அந்தப் பனி பெரும்பாலும் புல் நுனியில் தங்கும் துளி. விடியலில் வயலை மூடும் மூட்டம். பழந்தமிழில் 'பனித்தல்' என்பதற்கு நடுங்குதல் என்றும் பொருள் உண்டு. குளிரை அதன் விளைவால் அறிந்தவர்களின் சொல் அது. இன்றைய வழக்கிலோ மூடுபனி, பனித்துளி, வானிலிருந்து விழும் வெண்துகள், உறைந்த ஏரியின் பாளம் ஆகிய அனைத்தும் பனியே. கவிதைக்கு இந்த நெகிழ்ச்சி வளம் சேர்க்கலாம். ஆனால் "இதன்மேல் நடக்கலாம், அதன்மேல் நடக்கலாகாது" என்று எழுத வேண்டிய இடத்தில் இதுவும் அதுவும் ஒரே சொல்லாக இருந்தால் மனிதர் நீரில் விழுவர்.

சொற்களுக்காக ஈழத்தமிழர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். 1980களின் பிற்பகுதி தொட்டு, நார்வேயின் வடகோடியான பின்மார்க் கடற்கரையில் உள்ள மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் வேலை செய்ய ஈழத்தமிழர் பலர் சென்றனர். ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே தமிழ் பேசப்படத் தொடங்கி 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்பது நம் மொழி வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி. நான் அழைத்தவர் அத்தகைய தொழிற்சாலையொன்றில் இளமையைக் கழித்தவர். என் கேள்விகளைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, நாங்கள் ஸ்னோ எண்டும் ஐஸ் எண்டும்தான் சொல்லுறது. ஸ்னோவில நடக்கலாம். அதுக்குக் கீழ கிடக்கிற ஐஸிலதான் பயம். விடிய வேலைக்குப் போறவனுக்கு இந்த ரெண்டும் தெரிஞ்சால் காணும்." பயணிகள் பணம் கொடுத்து வாங்கும் அதே குளிர்காலம், அவருக்கு அதிகாலை வேலைக்கு நடந்து செல்லும் பாதையாக இருந்திருக்கிறது. அவர் இரண்டு சொற்களால் வாழ்ந்து காட்டியதை நான் தமிழ்ச் சொற்களாக்கினேன். விழுந்து கிடப்பதைப் 'பொழிபனி' என்றும், உறைந்த நீரைப் 'பனிப்பாளம்' என்றும் வகுத்து, முதல் பக்கத்திலேயே இரண்டையும் விளக்கினேன்.

ஒன்பதாம் பக்கத்தில் வேறொரு இடர் வந்தது. பின்னிஷ் மொழியில் 'உஹ்கு' என்று ஒரு சொல் உண்டு. ஏரி உறைந்த பின் அதன்மேல் பொழிபனி குவிகிறது. அதன் எடையால் பனிப்பாளம் தாழ்கிறது. பாளத்தின் விரிசல்கள் வழியே ஏரி நீர் மேலேறி, பாளத்திற்கும் பொழிபனிக்கும் இடையே பரவி நிற்கிறது. மேலே உள்ள பொழிபனி போர்வை போல் குளிரைத் தடுப்பதால் அந்நீர் உடனே உறைவதில்லை. காற்று மைனஸ் 20 பாகையில் இருக்கும்போதும் அது நீராகவே கிடக்கிறது. மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தூய வெண்பரப்பு மட்டுமே தெரியும். கால் வைத்தால் கணுக்கால் வரை நனையும். ஸ்னோமொபைல் சென்றால் சேற்றில் புதைந்த மாட்டுவண்டி போல் சிக்கும். அடியில் உள்ள பாளம் தடித்திருக்கலாம். மூழ்கும் அச்சம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்தக் குளிரில் நனைந்த கால் என்பதே தனியொரு ஆபத்து.

இதற்கு ஈடான சொல் தமிழில் இல்லை என்று அடிக்குறிப்பிட்டு விலகிவிடலாம். ஆனால் படிப்பவர் பெரியம்மா. 'இடைநீர்', 'மறைநீர்', 'ஒளிநீர்' என்று எழுதி எழுதி அடித்தேன். ஒரு மாலை அவரிடமே படித்துக் காட்டியபோது அவர் சற்று யோசித்து, "நம்ம கடப்புறத்துல கள்ளக்கடல்னு சொல்லுவாங்கல்லா? இது கள்ளநீர்" என்றார்.

கிழக்கேகோட்டையிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் வலியதுறை, பூந்துறைக் கடற்கரைகள். காற்றும் மழையும் இல்லாத நாளில் கடல் திடீரென ஏறி வந்து வீடுகளுக்குள் புகுவதை அங்குள்ள மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். எச்சரிக்கை இன்றித் திருடனைப் போல் வருவதால் அந்தப் பெயர். தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களால் உண்டாகும் நெடிய அலைகள் பல நாள் பயணம் செய்து இங்கு வந்து சேர்வதே அதன் காரணம் என்று ஆய்வாளர்கள் பின்னர் விளக்கினர். 2012இல் யுனெஸ்கோ இச்சொல்லை அறிவியல் வழக்கிற்கு ஏற்றுக்கொண்டது. இன்று கடல்சார் எச்சரிக்கை அறிக்கைகளிலேயே அது இடம்பெறுகிறது. கடற்கரையில் வாழ்ந்தவர்கள் கண்டு பெயரிட்ட ஒன்றை அறிவியல் அதே பெயரால் அழைக்கும் நிலை எளிதில் வாய்ப்பதில்லை. அந்தச் சொல்லின் நிழலில் 'கள்ளநீர்' என்று எழுதினேன். விளக்கம் இரண்டு வரிகளில் முடிந்துவிட்டது. நம் ஊரார் எவருக்கும் மூன்றாவது வரி தேவைப்படவில்லை.

உடை பற்றிய பக்கங்கள் இதற்கு எளியவை. உள்ளே கம்பளி, நடுவே வெப்பத்தைத் தேக்கும் அடுக்கு, வெளியே காற்றைத் தடுக்கும் அடுக்கு என மூன்று. பருத்தி கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்று உடல் சூட்டை அது கவர்ந்துவிடும். நம் வெயிலில் பருத்தியின் பெருமையாக இருப்பது அங்கே அதன் குற்றமாகிறது. இரண்டு இணைக் காலுறைகளைத் திணித்துக்கொள்ளவும் கூடாது; காலணி இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மேலும் குளிரும். வெளியுடையையும் காலணியையும் அங்குள்ள நிறுவனமே தந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். "பிறர் போட்ட உடுப்பையா போடுவது" என்று குழுவில் ஒருவர் முகம் சுளித்தார். பத்மநாப சுவாமி கோயில் வாசலில் நாள்தோறும் காணும் காட்சியைப் பெரியம்மா அவருக்கு நினைவூட்டினார். சுடிதார் அணிந்து வரும் வெளியூர்ப் பெண்கள் அதன்மேல் ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே செல்கிறார்கள். ஓர் இடத்திற்குள் நுழைபவர் அந்த இடம் கேட்கும் உடையை ஏற்பது கிழக்கேகோட்டைக்காரர்களுக்குப் புதிய செய்தி அன்று.

குளிர்காற்று பற்றிய அட்டவணை ஒன்றும் இருந்தது. வெப்பநிலை மைனஸ் 10 பாகையாக இருக்கையில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 போல் உறைக்கும். ஓடும் சறுக்குவண்டியில் அமர்ந்திருப்பவருக்கு வண்டியின் வேகமும் காற்றே. குளிர்க்கடி முதலில் வலிப்பதில்லை. உணர்வு மங்கி, தோலில் வெளிறிய திட்டு தோன்றுகிறது. தன் மூக்கில் தோன்றும் திட்டைத் தானே காண இயலாது. எனவே ஒவ்வொருவரும் அருகிலிருப்பவர் முகத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. நம்மவர் முகத்தில் வெளிறுதல் எவ்வாறு தோன்றும் என்பதை மூலம் சொல்லவில்லை. கருந்தோலில் அது சாம்பல் பூத்தது போலவோ மெழுகு பூசியது போலவோ தெரியலாம் என்பதை மருத்துவ நூல்களில் தேடி எடுத்துச் சேர்த்தேன். பாதுகாப்புக் குறிப்பு எழுதியவர் யாருடைய உடம்பை மனத்தில் வைத்து எழுதினார் என்பதும் மொழிபெயர்ப்பாளர் பார்க்க வேண்டிய ஒன்றுதான்.

பதினேழாம் பக்கத்து வாக்கியம் ஒன்றுதான் எனக்கும் முகவர் நிலையத்தாருக்கும் இடையே பெரும் பேச்சானது. வழிகாட்டி எந்த நிகழ்ச்சியையும் எந்த நேரத்திலும் மாற்றலாம், நிறுத்தலாம் என்றும், அவர் முடிவே இறுதியானது என்றும் மூலம் கூறியது. "வழிகாட்டி நில்லுங்கள் என்றால் அங்கேயே நில்லுங்கள். காரணத்தைப் பிறகு கேட்கலாம்" என்று எழுதியிருந்தேன். அதனை "வழிகாட்டியின் ஆலோசனையைக் கருத்தில் கொள்ளவும்" என்று மாற்றும்படி அந்த நிலையத்து அண்ணாச்சி கேட்டார். "மக்களே, வாறவங்க எல்லாம் பெரிய உத்தியோகத்துல இருந்தவங்க. இருபத்தஞ்சு வயசுப் பிள்ளை நிக்கச் சொன்னா நிக்கணும்னு எழுதினா எவனாவது காசு கட்டுவானா?" என்றார். துருவ ஒளி தோன்றுவது இயற்கையைப் பொறுத்தது, உறுதியளிக்க இயலாது என்னும் வரியையும் சிற்றெழுத்தில் கடைசிக்குத் தள்ளச் சொன்னார். கீழே தெருவில் தொங்கிய அவர்களது விளம்பரத் தட்டியில் 'துருவ ஒளி தரிசனம் உறுதி' என்றிருந்தது.

அவர் தீயவர் அல்லர். விற்கக்கூடியதை விற்கத் தெரிந்தவர். காட்சிகளைப் பட்டியலிடலாம், விலை சொல்லலாம், முன்பே நாள் குறிக்கலாம். வழிகாட்டியின் 'வேண்டாம்' என்னும் சொல்லை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. ஆனால் இத்தகைய பயணத்தில் பயணி உண்மையில் விலை கொடுத்துப் பெறுவது அந்தச் சொல்லைத்தான் என்பதே நான் அவரிடம் வாதிட்டது. நாயையும் வண்டியையும் ஏரியையும் அவரில்லாமலும் அடையலாம். இன்று அந்த ஏரியின்மேல் போகலாமா என்று அறிந்த ஒருவருடைய தீர்ப்பு மட்டுமே வேறெங்கும் கிடைக்காதது. முடிவில் வழிகாட்டி பற்றிய வாக்கியம் என் வடிவிலேயே நின்றது. விளம்பரத் தட்டியும் நின்றது.

வழிகாட்டியின் சொல்லை நம்பத் தயங்குவது இன்று தோன்றிய வழக்கமும் அன்று. 1883இல் நோர்டென்ஷோல்ட் கிரீன்லாந்தின் உட்பனிப் பரப்பில் பயணம் செய்தபோது, சாமி இனத்தவரான பாவா லார்ஸ் தூர்தா, அந்தேர்ஸ் ராஸா என்னும் இருவரை உடன் அழைத்துச் சென்றார். குழு மேலே செல்ல இயலாமல் நின்ற இடத்திலிருந்து அவ்விருவரும் சறுக்குக் கட்டைகளில் புறப்பட்டு, 57 மணி நேரத்தில் 460 கி.மீ. சென்று திரும்பியதாகக் கூறினர். நாடு திரும்பிய பின் பலர் அதனை நம்பவில்லை. எனவே 1884 ஏப்ரலில் சுவீடனின் யொக்மொக் பகுதியில் 220 கி.மீ. சறுக்குப் போட்டியொன்று நடத்தப்பட்டது. தூர்தா 21 மணி 22 நிமிடங்களில் ஓடி முடித்து முதலாவதாக வந்தார். தலைவரின் கூற்று அறிக்கையானது. வழிகாட்டியின் கூற்றோ மெய்ப்பிக்கப்பட வேண்டியதாயிற்று. அதையும் அவர் கால்களால்தான் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

நம் மலையிலும் இதன் கிளை உண்டு. அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரமுடையது. சனவரி, பிப்ரவரி மாதங்களில் வனத்துறை அனுமதியுடன், காணி மக்களை வழிகாட்டிகளாகக் கொண்டு, போனக்காட்டிலிருந்து மக்கள் அதில் ஏறுகிறார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2019 முதல் பெண்களும் செல்கிறோம். 2020இல் நான் சென்றபோது உச்சிக்குச் சற்றுக் கீழே, கயிறு பற்றி ஏற வேண்டிய பாறையின் அடியில், வழிகாட்டி எங்களை நிறுத்தினார். மழை இல்லை, மூட்டம் மட்டுமே இருந்தது. அவர் பாறையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இது வேண்டாம்" என்றார். அவ்வளவே. இதே மலைத்தொடரில் 1987இல் தாவரவியலாளர்களுடன் சென்ற காணி வழிகாட்டிகள், களைப்பின்றி நடப்பதற்காக ஒரு செடியின் காயைத் தின்று வந்தனர். ஆரோக்கியப்பச்சை என்று அறியப்பட்ட அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்து உருவானது. உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. பங்கீடு நடந்த விதம் பற்றிய விவாதங்களை இங்குப் பலர் அறிவீர்கள். ஆயினும் வழிகாட்டியின் அறிவுக்கு ஒரு விலையும் உரிமையும் உண்டு என்று எழுத்தில் ஏற்கப்பட்டதே அக்காலத்தில் அரிது.

இந்தியாவிலேயே ஆர்க்டிக்குக்கு மிக நெருக்கமான பனிக்கால நடை லடாக்கில் உள்ள சாதர். உறைந்த சான்ஸ்கார் ஆற்றின்மேல் சனவரி, பிப்ரவரி மாதங்களில் நடப்பது. சான்ஸ்கார் மக்களுக்கு அது குளிர்காலத்து வழி. பயணிகளுக்கு அது சாகசம். முன்னே செல்லும் சான்ஸ்காரி வழிகாட்டி கைத்தடியால் பனிப்பாளத்தைத் தட்டி, எழும் ஒலியைக் கேட்டு, காலை எங்கு வைப்பது என்று முடிவு செய்கிறார். பயணிகள் லேயில் தங்கி உடலைப் பழக்கி, மருத்துவச் சோதனையில் தேறிய பின்னரே அனுமதிக்கப்படுகின்றனர். அவ்வளவு ஏற்பாடுகளுக்குப் பின்னும் 2020 சனவரியில் ஆற்று நீர் திடீரென ஏறியபோது, சிக்கிக்கொண்டவர்களை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது.

இனாரியில் வழிகாட்டிகளின் நிலை மேலும் சிக்கலானது. அப்பகுதி சாமி மக்களின் தாயகம். அந்த ஒரு நகராட்சிக்குள்ளேயே மூன்று சாமி மொழிகள் பேசப்படுகின்றன. பொழிபனியின் நிலையைக் குறிக்க வடசாமி மொழியில் உள்ள சொற்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியவை: கலைமான் இதைத் தோண்டி, அடியில் உள்ள உணவை எட்டுமா? ஆனால் குளிர்காலச் சுற்றுலாவில் வழிகாட்டிகளாக வருவோர் பலர் தென்னாடுகளிலிருந்து பருவ வேலைக்கு வரும் இளைஞர்கள். நாய்வண்டியும் சாமி மரபைச் சேர்ந்ததன்று; சுற்றுலாவுடன் வந்தது. சாமி அல்லாதோர் சாமி உடைபோல் ஒன்றை அணிந்து வேடிக்கை காட்டும் வழக்கத்தைக் கண்டு, பின்லாந்தின் சாமி நாடாளுமன்றம் 2018இல் பொறுப்பான சாமி சுற்றுலாவுக்கான நெறிமுறைகளை வகுத்தது. ஆகவே 'உள்ளூர் வழிகாட்டி' என்று விளம்பரத்தில் காணும்போது, எந்த ஊர், எத்தனை குளிர்காலம் என்று கேட்பது பயணியின் கடமை. அந்த இரு கேள்விகளையும் தமிழ்ப் படிவத்தின் இறுதியில் நானே சேர்த்தேன். பின்லாந்து நிறுவனம் ஆட்சேபிக்கவில்லை. தன் வழிகாட்டிகளின் விவரங்களை அனுப்பியும் வைத்தது.

காலநிலை மாற்றத்தால் அந்த 'வேண்டாம்' இனி அடிக்கடி சொல்லப்படப் போகிறது. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளது என்று பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. குளிர்காலத்தின் நடுவில் மழை பெய்கிறது. அந்த மழை பொழிபனியின்மேல் உறைந்து ஓடாகிவிட, கலைமான்கள் அடியில் உள்ள பாசியை எட்ட முடியாமல் பட்டினி கிடக்கின்றன. முன்பு இந்த மாதத்தில் இந்த நீரிணையைக் கடக்கலாம் என்று பெரியவர்கள் சொன்ன கணக்கு, இப்போது ஆண்டுக்கு ஆண்டு தளர்கிறது. பயணத் திட்டமோ எட்டு மாதங்களுக்கு முன்பே அச்சாகிறது: மூன்றாம் நாள் காலை 10 மணி, ஏரி மீன்பிடிப்பு. அச்சிட்ட தாளுக்கும் அன்றைய ஏரிக்கும் இடையே நிற்கும் ஒரே மனிதர் வழிகாட்டி.

குழு புறப்பட்டது. மூன்றாம் நாள் காலை அதுவேதான் நடந்தது. பெரியம்மாவின் குரல்பதிவுகளிலிருந்து நான் அறிந்தது இது. முந்தைய இரு நாட்களில் பெரும் பனிப்பொழிவு. அன்று வானம் தெளிந்து, மைனஸ் 24 பாகை. ஏரி கண்கூசும் வெண்மையாக விரிந்திருந்தது. அவர்களது வழிகாட்டி ஓர் இளம்பெண். அங்கே அவருக்கு அது நான்காம் குளிர்காலம். கரையில் அனைவரையும் நிறுத்திவிட்டு, அந்த ஏரிப்பக்கம் கலைமான் மேய்க்கும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். பிறகு ஒரு கோலை எடுத்துத் தான் மட்டும் சில அடிகள் முன்சென்று குத்திப் பார்த்தார். கோலின் நுனி நனைந்து வந்தது. ஏரிக்குப் போகும் நிகழ்ச்சியை நிறுத்தினார்.

குழுவில் கோபம் எழுந்தது. இவ்வளவு குளிரில் எப்படி நீர் இருக்க முடியும் என்று ஒருவர் வாதிட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்றார் வேறொருவர். வழிகாட்டியின் ஆங்கிலம் சிலருக்கு விளங்கவில்லை. அவர்கள் கோபம் அவருக்கும் முழுதாக விளங்கியிருக்காது. பெரியம்மா தம் பையிலிருந்து ஒன்பதாம் பக்கத்தை எடுத்து உரக்கப் படித்திருக்கிறார். 'கள்ளநீர்' என்ற சொல்லைக் கேட்டதும் பூந்துறையில் மீன்வள அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், "அப்படியானால் சரி, திரும்புவோம்" என்றாராம். கோபம் முற்றிலும் தணியவில்லை. இருவர் மாலைவரை பேசவில்லை. ஆனால் எவரும் ஏரியில் இறங்கவில்லை. எவர் காலும் நனையவில்லை.

துருவ ஒளியை நான்கு இரவுகள் எதிர்பார்த்தார்கள். மூன்று இரவுகள் மேகம். நான்காம் இரவு மரங்களுக்கு மேலே மங்கலான ஒரு பட்டை தோன்றியது. 100 கி.மீ.க்கும் மேலே உயிர்வளி அணுக்களிலிருந்து எழும் பச்சை ஒளி அது என்று பாடம் நடத்தியவர் பெரியம்மா. ஒளி மங்கலாக இருக்கும்போது மனிதக் கண்ணுக்கு நிறம் தெரிவதில்லை. கைப்பேசிப் படத்தில் மட்டுமே பச்சை தெரியும். "சாம்பல் நிறமாத்தான் இருந்துச்சு மோளே. அடுப்பங்கரைப் புகை மாதிரி. ஆனா அசைஞ்சுது" என்றார். தட்டியில் கண்ட தரிசனம் கிட்டவில்லை என்று சிலர் குறைபட்டனர். பெரியம்மா குறைபடவில்லை, பெருமிதமும் கொள்ளவில்லை. ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் சென்று முழங்காலைக் காட்டினார். அண்ணன்கள் இன்னும் அந்தப் பணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இதிலிருந்து ஆய்வு மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. துருவப் பகுதிகள், பனிமலைகள், ஆழ்கடல் என்று தமிழர் இனி செல்லும் இடங்கள் பெருகும். அவ்விடங்களைப் பற்றிப் பயண நூல்கள் வருகின்றன, காணொளிகள் வருகின்றன, வியப்புச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. எச்சரிக்கைச் சொற்கள்தான் இல்லை. ஸ்னோ என்றும் ஐஸ் என்றும் பிரித்தறிந்து பின்மார்க்கில் வாழ்ந்தவர்களிடம், உறைபனிக் காலத்தில் எல்லைக் காவலில் நின்ற படைவீரர்களிடம், கனடாவில் பனி வாரும் வண்டி ஓட்டும் தமிழர்களிடம் அச்சொற்கள் வாய்மொழியாக இருக்கின்றன. அகராதித் துறையினர் இன்னும் அவர்களைக் கேட்கவில்லை.

அத்தகைய சொற்களின் தொகுப்பு ஒன்றைத் தொடங்கியுள்ளேன். இப்போதைக்கு 41 சொற்கள் உள்ளன. பொழிபனி, பனிப்பாளம், கள்ளநீர் என்று அது தொடங்குகிறது. உங்கள் வீட்டில், உறவில், குளிர்நாட்டில் வேலை செய்தவர் எவரேனும் இருப்பின், வழுக்கும் சாலையையும் நம்பத்தகாத ஏரியையும் அவர்கள் எப்படி அழைத்தார்கள் என்று கேட்டு எழுதியனுப்புங்கள். சொல்லுடன், அதை முதலில் எங்கே, எந்தச் சூழலில் கேட்டார்கள் என்பதையும் குறிப்பிட்டால் பெரிதும் உதவும்.